உள்ளே நூற்றுப்பத்து, வெளியே ஐம்பது

அந்த அக்கா யார் வந்தாலும் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார். கழுத்தைத்தான் பார்ப்பார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒருவனுடைய கழுத்தைப் பார்த்தால் போதும், அவன் வண்டவாளம் எல்லாம் தெரிந்துவிடும். அடையாள அட்டை தொங்குகிற கயிறு நீலமாக இருந்தால் கம்பெனியின் நிரந்தர ஆள். மஞ்சளாக இருந்தால் காண்ட்ராக்ட். எங்கள் கம்பெனி ஆரம்பித்து வைத்ததை அக்கம்பக்கத்துக் கம்பெனிகளும் பார்த்துப் பிடித்துக்கொண்டன. அக்கா அதை அட்டை என்றோ ஐடி என்றோ சொன்னதே இல்லை. "உன் கயிறு இன்னா கயிறு?" என்றுதான் கேட்பார். பேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். கல்யாணமாகி ஒரு வாரமே ஆன பெண் ஒருத்தி, அந்தக் கேள்விக்குப் பதறிப்போய்த் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

லாரி எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய சாப்பாட்டுக் கடை. முன்பக்கம் தகரக் கூரை, நீளநீளமாக பெஞ்சுகள், அனலையே சுற்றிச் சுற்றி விடும் நான்கு மின்விசிறிகள். பின்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஏசி ஹால், எட்டு மேஜை, சுவரில் பிளாஸ்டிக் பூ. வெளியே சாப்பாடு ஐம்பது ரூபாய். உள்ளே நூற்றுப்பத்து. உள்ளே தட்டில் இரண்டு அப்பளம் விழும், வெளியே ஒன்று. மற்றபடி எல்லாம் ஒன்றேதான்.

"அதே சாம்பார்தானே அக்கா?" என்று கேட்டிருக்கிறேன்.

"ஆமா சார். ஒரே அடுப்பு, ஒரே அண்டா, ஒரே புருஷன்."

அந்தக் கடைசி ஆள் சமையற்கட்டுக்குள் கரண்டியோடு நிற்பவர். நாள் முழுக்கப் பேசாத மனிதர். அக்கா "யோவ்" என்றால் ஒரு தலை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

எங்கே உட்காருகிறீர்கள் என்று அக்கா யாரையும் கேட்டதில்லை. நீலக் கயிறு வந்தால் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்து, "உள்ள போ சார், வெயிலு மண்டைய பொளக்குது." மஞ்சள் கயிறு வந்தால் பெஞ்சைக் காட்டி, "குந்து நைனா." இதில் அப்பீலே கிடையாது. முதல் நாள் பார்த்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தக் காலத்தில் ஆளைப் பிரித்து உட்காரவைக்கிறதா, இதைக் கேட்பதற்கு ஆளே இல்லையா என்று பொங்கினேன். கொதித்த ரத்தத்தோடு ஏசியில் போய் உட்கார்ந்து, திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

நான் அப்போது ஒரு இரும்பு வார்ப்புக் கம்பெனியில் அடக்கவிலை போடுகிற வேலையில் இருந்தேன். மீஞ்சூரிலிருந்து ரயில். இப்போது காக்களூரில் வேலை, வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அக்காவின் நினைப்பு வராமல் இருப்பதில்லை. என் சம்சாரத்திடம் இதைச் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

அக்காவை ஏமாற்றப் பார்த்தவர்கள் உண்டு. எங்கள் குவாலிட்டி மேனேஜர் ஒருவர் இருந்தார். சொந்தக் கார், சொந்த வீடு, இரண்டு கிரவுண்டு நிலம். ஒரு நாள் நீலக் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, வெளி பெஞ்சில் லோடு ஏற்றுகிறவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார். அக்கா வந்தார். கழுத்தைப் பார்த்தார். கயிறு இல்லை. காலைப் பார்த்தார். பளபளவென்று ஷூ.

"இன்னா சார், கயிறு அறுந்துபூட்ச்சா?"

"ஏசி எனக்கு ஒத்துக்காதும்மா. சைனஸ்."

"ஐயய்யோ, பேஜாராச்சே. யோவ், உள்ள ஏசிய அமத்து! நீ வா சார், உள்ள வந்து குந்து."

"ஏசி இல்லன்னா அம்பதுதானே?"

"ஏசி இல்லாட்டியும் உள்ள நூத்திப்பத்து. காசு காத்துக்கு இல்ல சார், கயித்துக்கு."

பெஞ்சில் இருந்தவர்கள் புரையேறச் சிரித்தார்கள். மனிதர் எழுந்து உள்ளே போனார். சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காக மூன்று நாள் விடாமல் தும்மிக் காட்டினார், பாவம்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. ஃபிட்டருக்கு உதவியாளாக இருந்த காண்ட்ராக்ட் பையன், பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் செய்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். கழுத்தில் நீலக் கயிறு. எங்கள் செக்‌ஷன் கிளார்க்கினுடையது என்று, அதிலிருந்த மசிக்கறையைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா கதவைத் திறந்து பிடித்தார். "வாங்க சார்" என்றார். அந்தப் பையன் வாழ்க்கையில் முதல் முறையாக சார் ஆனான். இரண்டு சாப்பாடு, இரண்டு வஞ்சிரம் வறுவல். அக்கா ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? அவர்கள் போனதும், "அக்கா, அது அவன் கயிறு இல்லை" என்றேன்.

"தெரியாதா எனக்கு? போட்டோவ திருப்பிப் போட்டுக்கினு வந்துக்கிறான் பாரு, அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் முழுசா வாங்கினீங்க?"

"அந்தப் பொண்ணு முன்னால அவன அம்பது ரூபா பையன் ஆக்க சொல்றியா? இன்னா மனுசன் சார் நீ!"

மறுநாளிலிருந்து ஒரு வாரம் அந்தப் பையன் வெளியே சாப்பிடும்போது, கேட்காமலே அவன் தட்டில் ஒரு மீன் துண்டு விழுந்தது. அவன் தலையை நிமிர்த்தவில்லை. அக்காவும் ஒன்றும் தெரியாத மாதிரி அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் என்ன கணக்கு என்று எனக்கு உறைக்க ஒரு மின்சாரப் பில் வேண்டியிருந்தது. எங்கள் ஜி.எம்.முக்கு அந்தப் பில்லைப் பார்த்தாலே ரத்த அழுத்தம் ஏறும். இரும்பை உருக்குகிற உலை, மாதாமாதம் லட்சக்கணக்கில் மின்சாரம் தின்னும். "யூனிட்டுக்கு இவ்வளவு ஏன் கொடுக்கிறோம் என்று விளக்கமாக ஒரு குறிப்பு எழுதிக் கொடு" என்றார். அதைத்தான் ஒரு நாள் ஏசி ஹாலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா சாம்பார் வாளியோடு வந்து நின்றார். "இன்னா சார், சோறு ஆறிக்கினு கீது, நீ காயிதத்த மென்னுக்கினு கீற?"

யாராவது கேட்டால் விளக்கம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. ஆரம்பித்தேன். வீடுகளுக்குக் கரண்ட் மலிவு. விவசாய மோட்டாருக்கு இலவசம். அதில் விழுகிற பள்ளத்தை எங்களைப் போன்ற ஆலைகளிடம் கூடுதலாக வாங்கி நிரப்புகிறார்கள். நீங்களும் வேண்டாம் உங்கள் கரண்டும் வேண்டாம், வேறு இடத்தில் மலிவாக வாங்கிக்கொள்கிறோம் என்று நாங்கள் விலகினாலும் விடமாட்டார்கள், விலகுவதற்கென்றே தனியாக ஒரு கட்டணம் போடுவார்கள். இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர்.

அக்கா வாளியை மேஜைமேல் வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றிச் சிரித்தார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. சமையற்கட்டிலிருந்து தலை எட்டிப் பார்த்தது.

"இதுக்கா சார் இம்மாம் பெரிய பேரு? இத்த நான் பதினோரு வருசமா பண்ணிக்கினு கீறேன்!"

"என்னக்கா சொல்றீங்க?"

"வெளிய ஒரு சாப்பாடு எனக்கு அறுபது ரூபா அடங்குது. அம்பதுக்குப் போடறேன். அந்தப் பத்து எங்கேர்ந்து வருது? உன் தலைக்கு மேல ஜில்லுனு ஊதுது பாரு, அங்கேர்ந்து." ஏசியைக் கரண்டியால் காட்டினார். "அதுசரி, குறுக்குன்னு ஏன் சார் பேரு வெச்சாங்க? நேராத்தான போவுது? உள்ளேர்ந்து வெளிய. அந்தப் பேரு வெச்சவன் புத்திதான் குறுக்கு."

ஒரு வார்ப்புக்கு எத்தனை கிராம் மண் ஒட்டும் என்று அடக்கவிலை போடுகிறவன் நான். இரண்டு வருஷமாக என் தட்டில் இருந்த கணக்கு எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மறுநாள் கடைக்குள் நுழையும்போது என் நடையே மாறிவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் நான் பெற்ற பிள்ளைகளைப்போல் பார்த்தேன். லாரியில் வார்ப்பு ஏற்றும் பன்னிரண்டு பேருக்கு மேஸ்திரியாக ஏழுமலை என்று ஒருவன் இருந்தான். ஆள் கட்டைகுட்டை, வாய் மட்டும் வண்டலூர் வரைக்கும் போகும். அவன் தோளில் கையை வைத்து, "சாப்பாடு நல்லா இருக்கா? நல்லா சாப்பிடு, வயிறு நிறைய சாப்பிடு" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா சார், இன்னைக்கி உனுக்குப் பொறந்தநாளா?"

அக்கா கண்ணில் இது பட்டுவிட்டது. என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். "தோள் மேல கை போட்டு ஊட்டறதுக்கு நீ யாரு சார்? நீ ஏசிக்குக் குடுத்த, ஏசிய வாங்கிக்கின. தீந்துபோச்சு. அவன் எனக்கு அம்பது குடுக்கறான், கேட்ட காசக் குடுக்கறான், பாக்கி கெடையாது. இது அவனுக்குத் தெரிஞ்சுதுன்னு வெய்யி, நாளைக்கு வரமாட்டான். ரோஷக்காரன். வாய மூடிக்கினு துன்னு."

வாயை மூடிக்கொண்டேன். தின்னவும் செய்தேன்.

ஆறேழு மாதம் கழித்து ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். "ஸ்டாஃப் எல்லாரும் வெளியே போய் நூற்றுப்பத்து கொடுத்துச் சாப்பிடுகிறார்களாமே. நாமே உள்ளே ஒரு கேன்டீன் வைத்தால் என்ன? கணக்குப் போட்டுக் கொண்டு வா."

போட்டேன். நன்றாகவே போட்டேன். நீலக் கயிற்றுக்கு மட்டும், முப்பது ரூபாய், பக்கத்துக் கம்பெனி ஸ்டாஃபும் கூப்பன் வாங்கிக்கொண்டு வரலாம். ஜி.எம். எழுந்து நின்று கை கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காகிதத்தை நீட்டும்போது அக்காவின் நினைப்பு எனக்கு வரவே இல்லை. முதல் வாரம் நானும் அங்கேதான் சாப்பிட்டேன். பருப்புருண்டைக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் எடைமேடைக்கு ஒரு வேலையாகப் போனேன். கடையின் பின்பக்கம் ஏசி ஓடுகிற சத்தமே இல்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேஜைகளை ஓரங்கட்டிவிட்டு அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். வாசலில் ஒரு சிலேட்டில் எழுதியிருந்தது: "ஒண்ணாம் தேதி முதல் சாப்பாடு 65." உள்ளே போனேன்.

"வா சார். உங்க கேன்டீன் நல்லா கீதாமே" என்றார் அக்கா. கோபமே இல்லை.

"அக்கா, அதுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான்."

"சொன்னாங்க. நல்லாத்தான் போட்டுக்கிற. நானா இருந்தாலும் அங்கதான் துன்னுவேன்." திட்டியிருந்தால்கூடத் தேவலை. "விட்டுட்டுப் போறவங்க கிட்ட வசூல் பண்ண கரண்ட்டுக்காரங்களுக்கு சட்டம் கீது. எனக்கு இன்னா கீது சார்? இந்த வாளிதான் கீது."

கம்பெனிக்குத் திரும்பி நடந்தேன். அறுபத்தைந்து கொடுத்தால் காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கட்டாது. கட்டாவிட்டால் வரமாட்டார்கள். அவர்களும் வராவிட்டால் கடையே இல்லை. இதைக் கண்டுபிடிக்க அடக்கவிலைக் கணக்கெல்லாம் தேவையில்லை.

மறுநாள் ஏழுமலை என்னை லாரிக்குப் பக்கத்தில் மடக்கினான். "சார், நீ கணக்குல கெட்டி. அரிசி ஏறல, காஸ் ஏறல. அக்கா மட்டும் ஏன் சார் ஏத்துது? பதினஞ்சு ரூபா உனக்கு ஒரு டீயும் வடையும். எனக்கு மாசத்துக்கு அரை சிலிண்டரு."

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் அவன் அக்காவைப் பேராசைக்காரி என்று நினைத்துவிடுவானோ என்று மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உள்ளே நூற்றுப்பத்து ஏன், வெளியே ஐம்பது எப்படி, கேன்டீன் வந்ததும் என்ன ஆனது, எல்லாம்.

ஏழுமலை கேட்டு முடித்ததும் கையுறையைக் கழற்றினான். அவன் முகத்தில் எப்போதும் இருக்கிற விளையாட்டு போய்விட்டது. "அப்ப இத்தினி வருசமா நீங்கதான் எங்களுக்கு ஊட்டிக்கினு இருந்தீங்களா?"

"அப்படி இல்லை ஏழுமலை, அக்காதான்..."

"புரிஞ்சிது சார்."

அன்று மதியம் பன்னிரண்டு பேரும் கடைக்குப் போகவில்லை. எடைமேடை நிழலில் குந்திக்கொண்டு பன்னும் டீயும் சாப்பிட்டார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அக்கா கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ஓட்ட வாயி!" என்று கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி கத்தினார். "மூட்ட தூக்கற ஆளுங்க, பன்னு துன்னுக்கினு எப்டி சார் தூக்குவாங்க? நாளு பூரா வெயில்ல இரும்பு ஏத்தறவங்க! அண்டா சோறு அப்டியே கீது. நான் அத்த இன்னா பண்றது?" அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இருப்புக் கணக்கெடுப்பு. ஞாயிறு என்பதால் கேன்டீன் கிடையாது. ஒரு மணிக்குப் பசி. அக்கா ஞாயிற்றுக்கிழமை கொஞ்சமாகச் சமைப்பது உண்டு. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு, கயிற்றைக்கூடக் கழற்றாமல் போனேன்.

கடை வாசலில் திருவிழாக் கூட்டம். ஏழுமலை புது வேட்டி கட்டியிருந்தான், சட்டையில் மடிப்புகூடக் கலையவில்லை. கூட அவன் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். பின்னால் லோடு ஆட்களும் அவர்கள் குடும்பங்களும். பவுடர் வாசனையும் மல்லிகை வாசனையும் அடித்த வேகத்தில் மீன் குழம்பு வாசனையே தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அக்கா இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார்.

"கயிறு எங்கடா?"

"ஞாயித்துக்கெழம எவன்க்கா கயிறு மாட்டுவான்? இன்னைக்கி நாங்க கம்பெனி ஆளு இல்ல. கஸ்டமரு."

அக்காவின் பார்வை ஒவ்வொரு கழுத்தாகப் போனது. செயின் இருந்தது, கருகமணி இருந்தது, ஒருத்தன் கழுத்தில் கர்ச்சீப் இருந்தது. கயிறு மட்டும் ஒன்றுமில்லை. பதினோரு வருஷத்து வித்தை அன்றைக்குப் பலிக்கவில்லை.

"அதெல்லாம் வாணாம். வெளிய குந்துங்க. அம்பதுக்கே போடறேன், ஏத்தல."

"வெளிய தெனம் குந்தறோம்க்கா. இன்னைக்கி உள்ள. நூத்திப்பத்தே போடு, ஒரு ரூபா கொறைக்காத. மாசம் ஒரு ஞாயிறு நாங்க உள்ள, மீதி நாளு வெளிய அம்பது. எங்கள சார்ங்க தாங்க வாணாம்க்கா. எங்கள நாங்களே தாங்கிக்கறோம்." சொல்லிவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். கோபமாகத் தெரியவில்லை. என்னை ஜெயித்துவிட்ட குஷியாகத்தான் தெரிந்தது.

"ஒங்க காசு இன்னா மரத்துலயா காய்க்குது?" அக்கா இன்னும் கையை இறக்கவில்லை.

அப்போது ஏழுமலையின் மனைவி முன்னால் வந்தாள். "அக்கா, நவுருங்க. இந்த மனுசன் தெனமும் இங்க துன்னுட்டு வந்து, உங்க கொழம்பு அப்டி, உங்க ரசம் இப்டின்னு பேசிப் பேசி என் கொழம்ப கேவலப்படுத்திக்கினு கீறாரு. அது இன்னா கொழம்புன்னு இன்னைக்கி ஏசில குந்திப் பாத்துடறேன்."

அக்கா தோற்றதை நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். கை தானாக இறங்கியது. "உள்ள அரிசி மூட்டையா கீதேடி" என்றார்.

"மூட்டையா?" என்றான் ஏழுமலை. பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். புதுச் சட்டையோடு உள்ளே புகுந்தார்கள். இரண்டே நிமிஷம். மூட்டைகள் எல்லாம் வெளியே, மேஜைகள் எல்லாம் நடுவே. அக்கா முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்துக்கொண்டு, "யோவ்! இன்னும் அஞ்சு படி அரிசி போடுய்யா! ஏசியப் போடு! எத்தினி அப்பளம் கீது பாரு!" என்று அலறினார். தலை எட்டிப் பார்க்கவில்லை, ஆளே வெளியே வந்துவிட்டார். அன்றுதான் அந்த மனிதருக்குப் பல் இருப்பது தெரிந்தது.

அந்த ஏற்பாடு எவ்வளவு தாங்கியது என்று கேட்பீர்கள். தொழில் புத்தி, நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு குடும்பம் நாலு பேராக வந்து, கூட இரண்டு வறுவலும் சொன்னால், அந்த ஆளுடைய மாதத்துச் சாப்பாட்டுப் பள்ளம் கிட்டத்தட்ட நிரம்பியது. நிரம்பாத கொஞ்சத்துக்கு அக்கா நண்டு வறுவல் விலையைத் தயங்காமல் ஏற்றினார். பக்கத்துக் கம்பெனிகளின் மஞ்சள் கயிறுகளும் இதைக் கேள்விப்பட்டு முறை போட்டுக்கொண்டன. சிலேட்டில் இருந்த 65 அழிந்தது, நான் அந்த வேலையை விடும்வரை திரும்ப வரவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது அந்த முதல் ஞாயிற்றைப் பற்றி. எல்லாரும் உள்ளே போனதும், பழக்கதோஷத்தில் நானும் கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தேன். அக்கா தடுத்தார்.

"நீ எங்க போற? உள்ள எடமே இல்ல. வெளிய குந்து."

குந்தினேன். பெஞ்சு நெருப்பாகச் சுட்டது. அங்கே காசு முதலில், தட்டு பிறகு. நூற்றுப்பத்தை நீட்டினேன். ஐம்பதை எடுத்துக்கொண்டு அறுபதைத் திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா, உங்களுக்குப் பத்து ரூபாய் கையை விட்டுப் போகுமே. எடுத்துக்குங்க."

"அது உள்ளேர்ந்து வந்துடுச்சு. நீ துன்னு."

சாம்பாரில் பாதிச் சோறு போயிருக்கும். கண்ணாடிக் கதவு திறந்தது. குளிர்ந்த காற்று ஒரு தடவை என்மேல் பட்டது. கையில் மீன் துண்டோடு ஏழுமலை நின்றான். உள்ளேயிருந்து குழந்தைகள் "குளுருதுப்பா" என்று கத்திக்கொண்டிருந்தன.

"அக்கா, சாருக்கு ரசம் ஊத்து, பாத்துக்கினே கீறியே! சார், வெக்கப்படாம துன்னு சார், வவுறு ரொம்பத் துன்னு!"

கடையே சிரித்தது. அக்கா ரச வாளியோடு வந்து நின்றார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தட்டை நீட்டினேன். இரண்டாம் தடவை நானாகவே கேட்டு வாங்கினேன்.